சலவைக்கடையின் ஊமைப்படம்

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அம்மா நேரத்துக்கு மருந்து சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. பயப்படாதே, வேலை போகவில்லை. இந்த வட்டாரத்து மக்கள் ஆசையாகக் கூடும் இடங்களைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்கிறார்கள். எங்கள் சலவைக்கடைக்கும் வந்தார்கள். துணி காயும்வரை பெஞ்சில் உட்கார்ந்து கதையளக்கும் கூட்டம், அன்று கேமராவைப் பார்த்ததும் வாய் ஓயாமல் பேசித் தீர்த்தது.

மேசையில் துணி கிடந்தால் என் கை சும்மா இருக்குமா? படமெடுத்த பெண்ணின் கோட்டைத் தூக்கி மெஷினில் போட்டுவிட்டேன். அத்தனை பேச்சையும் பதிவு செய்த கருவி அதன் பையில்! வருகிறவர்களிடமெல்லாம் "பாக்கெட்டைப் பாத்தீங்களா?" என்று கேட்டு உயிரை வாங்குகிறவன் நான்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "விடுங்கண்ணே, ஊமைப்படமாவே இருந்துட்டுப் போகட்டும்."

நேற்று கடைச் சுவரிலேயே படத்தைக் காட்டினார்கள். அவரவர் முகம் வந்தபோது அவரவரே எழுந்து, அன்று பேசியதைச் சத்தமாகச் சொன்னார்கள். கடைசியில் என் முகம் வந்தது. நான் எழுவதற்குள் மொத்தக் கூட்டமும் கத்தியது: "பாக்கெட்டைப் பாத்தீங்களா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நீ பக்கத்தில் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் இங்கே வரும் உன் தம்பியிடம் இரண்டு பனியன் கொடுத்தனுப்பு. கூடவே உன் தலையணை உறை ஒன்று. இங்கே எதை மோந்தாலும் சோப்பு வாசனைதான்.

மெஷின் நின்றுவிட்டது, ஓடுகிறேன். உறையைத் துவைத்துவிடாதே.

உன்னவன்