அறுபது சோமுக்குப் போன பயறு

செப்டம்பர் 9, திங்கள்

அறுப்பு பாதி முடிந்தது. ஹிக்மெத் பே இன்று துருக்கியின் மெர்சினிலிருந்து வந்து சேர்ந்தார்; ‘பே’ என்றால் அவர்கள் பாஷையில் ஐயா. எங்கள் கிர்கிஸ் நாட்டுத் தலாஸ் பள்ளத்தாக்கின் வெள்ளை பீன்ஸ் பயறை வாங்கித் துருக்கிக்கு அனுப்புகிறவர். மூன்றாவது வருஷமாக இங்கே அவருக்கு வாய் நான்தான். அந்தாலியா ஓட்டல்களில் படுக்கை விரித்துக் கற்ற துருக்கி மொழி இப்போதுதான் சோறு போடுகிறது.

என் மகன் எர்மெக் மெர்சினில்தான் படிக்கிறான். ஞாயிறுதோறும் சாப்பாடு பே வீட்டில். “பையன் இளைச்சுக் கிடந்தான். என் பொண்டாட்டி தேத்தி விட்டுட்டா” என்றார்.

தேநீர் குடிக்கையில், “என்ன மகளே, ஊரே சிரிச்சுக்கிட்டுத் திரியுது?” என்றார்.

“எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு கல்யாணம், பே. பயறு வித்துத்தான் குதிரை வாங்கணும், மெத்தை தைக்கணும். பனி விழறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாகணும்.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

போன வாரம் கிலோ தொண்ணூற்றைந்து சோம் என்று பேச்சு. இன்று காலை பே தராசுக்கு முன்னால் நின்று, “துருக்கியில சந்தை படுத்துடுச்சு. அறுபதுதான்னு சொல்லு” என்றார். சொன்னேன். மற்ற வியாபாரிகளும் பின்னாலேயே அறுபதுக்கு இறங்கிவிட்டார்கள்.

காரில் கேட்டேன், நிஜமாகவே படுத்துவிட்டதா என்று.

“கொஞ்சம். ஆனா நீதானே சொன்னே, இவங்களால காத்திருக்க முடியாதுன்னு.”

குத்தலாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. நான் அப்படியா சொன்னேன்? அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 14

பக்கத்து வீட்டு புரூல் மொத்தப் பயறையும் அறுபதுக்குப் போட்டுவிட்டாள். புருஷன் இல்லாதவள், மகன் கல்யாணம் தலைக்கு மேல் நிற்கிறது. கடைசி மூட்டை தராசில் ஏறும்போது என்னைப் பார்த்து, “போகட்டும் நூர்சாத், மருமக வந்தா அடுத்த வருஷம் களையெடுக்கவாவது ஆள் ஆச்சு” என்றாள்.

தலையாட்டினேன்.

செப்டம்பர் 18, புதன்

அண்ணனும் பாதியை விற்றுவிட்டார். அண்ணி கலிபா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே அண்ணனிடம் கத்தினாள்: “சம்பந்தி வீட்டுக்கு ஆட்டை அறுத்துப் போடச் சொல்றீங்களா? குதிரைக் கறி இல்லாம ஒரு கல்யாணமா? நாளைக்கு மெய்ரிமை அந்த வீட்ல என்ன பேச்சுப் பேசுவாங்க!” மகள் மெய்ரிம், “ஆடு போதும்மா, நான் ஒண்ணும் குதிரையைக் கட்டிக்கலையே” என்றாள். அண்ணி மாவுக் கையாலேயே அவளை அடிக்கப் போனாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தத் துருக்கிக்காரனுக்கு நம்ம அவசரம் எப்படித்தான் மூக்குல வேர்க்குதோ” என்றாள்.

சூடான தேநீரை அப்படியே விழுங்கினேன். நாக்கு வெந்துவிட்டது. வேகட்டும்.

செப்டம்பர் 23

இன்று பே என் எதிரிலேயே மெர்சினுக்குப் போன் பேசினார். பெரிய கடைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அக்டோபர் முதல் வாரத்துக்குள் லாரிகள் கஜகஸ்தான் எல்லையைத் தாண்டாவிட்டால் அவர் கதை முடிந்தது. பாதிச் சரக்குகூட இன்னும் சேரவில்லை. போனை வைத்ததும், நான் வெளியே போயிருக்கலாமே என்றேன்.

“நீ எதுக்குப் போகணும்? நீ வீட்டு ஆளு.”

செப்டம்பர் 24

சொல்லக் கூடாது.

செப்டம்பர் 25

சொல்லிவிட்டேன். அண்ணியிடம் மட்டும். “மிச்சப் பயறை ஒரு வாரம் மூடி வைங்க. அவருக்கு லாரி போயாகணும்.” யாருக்கும் சொல்லாதீங்க என்றேன். அண்ணியிடம் போய்! சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரு களஞ்சியக் கதவுகூடத் திறந்திருக்கவில்லை.

உப்பைத் தின்றது நான் மட்டுமில்லை, என் பிள்ளையும்தான். அந்தக் கையையே கடித்துவிட்டேன். கடிக்காமல் இருந்திருந்தால்? புரூல் முகத்தில் எப்படி விழிப்பேன்? இப்போது மட்டும் எப்படி விழிக்கப் போகிறேன்? அவள் பயறுதான் ஏற்கெனவே போய்விட்டதே—

செப்டம்பர் 28, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பேயுடன் வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் ரொட்டி, தேநீர், வெண்ணெய். பயறு மட்டும் இல்லை. “பயறா? இந்த வருஷம் எலி தின்னுடுச்சு பே” என்று ஒருவன். “எலியும் இப்பக் குண்டாயிடுச்சு” என்று அவன் தம்பி. கடைசியில் டிராக்டர் ஓட்டும் சக்கின் வீடு. வாய்க்குப் பூட்டில்லாத மனுஷன். பாயில் சாய்ந்துகொண்டு சொன்னான்:

“எங்களுக்கு என்ன அவசரம்? அவருக்குத்தானே அடுத்த வாரத்துக்குள்ள லாரி எல்லையைத் தாண்டணுமாம். சொல்லு நூர்சாத், அவர் பாஷையில சொல்லு.”

பே என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். மாற்றிச் சொல்லியிருக்கலாம். ‘விலை போதாதென்கிறான்’ என்றால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. இன்னொரு பொய்க்கு உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சக்கினையே பார்த்தபடி, “நூற்றுப்பத்து. சொல்லு” என்றார்.

சொன்னேன்.

அக்டோபர் 1

நாளெல்லாம் மூட்டைகள் ஏறின. அண்ணி என்னைக் கட்டிப் பிடித்து, “குடும்பத்தைக் காப்பாத்திட்டே” என்றாள். குதிரை வாங்க அண்ணன் சந்தைக்குப் போயிருக்கிறார்.

தராசுக்கு அப்பால் வேலியோரம் புரூல் நின்றிருந்தாள். நானாகவே போனேன்.

“உனக்குத் தெரிஞ்சது எனக்குச் சொல்லலியே நூர்சாத்.”

நீ விற்கும்போது எனக்கே தெரியாது என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் விலை இறங்கியதே என் வாயால் என்று அவளுக்குத் தெரியாதே. அதையும் சொல்லிவிட்டேன். தேநீர் பேச்சு, சிரிப்பு, எல்லாம்.

“கல்யாணத்துக்கு வராதே” என்றாள்.

அக்டோபர் 4, வெள்ளி

பே கிளம்பிவிட்டார். சம்பளம் பேசியபடியே முழுசாக. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கை காட்டி நிறுத்தினார். கார் கதவை மூடுமுன் மட்டும், “எர்மெக் ஞாயித்துக்கிழமை வழக்கம்போல வரட்டும். பையன் என்ன பண்ணினான்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜனவரி 19, ஞாயிறு

எர்மெக் போன் செய்தான். பே வீட்டுச் சாப்பாடாம். “அவர் என்கிட்ட கிர்கிஸ் கத்துக்கறாரும்மா. துருக்கிக்குச் சொந்தக்காரப் பாஷைதானே, சீக்கிரம் வந்துடும்ங்கறார்.”

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

“இல்லையே. ஏன்?”

செப்டம்பர் 12, வெள்ளி

இந்த வருஷம் எனக்கு யாருக்கும் வாயாக இருக்கும் வேலை இல்லை. அண்ணன் வயலில் அறுப்புக்குப் போனேன். இன்று மூட்டைகளோடு தராசடிக்கும் போனேன்.

ஹிக்மெத் பே தனியாகவே வந்திருக்கிறார். கிர்கிஸில் தட்டுத் தடுமாறிப் பேசுகிறார், தப்பாகச் சொன்னால் ஊர் சிரிக்கிறது, அவரும் சிரிக்கிறார். எல்லாரையும் ‘நீ’ என்கிறார். சக்கினிடம், “நீ போன வருஷம் என்னைக் கொன்னே” என்றதும் தராசடியே சிரிப்பில் அதிர்ந்தது. எங்கள் முறை வந்தது. அண்ணன் தோளில் தட்டி, “நீ எப்படி இருக்கே?” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். சொல்லைத் தேடிக் கொஞ்சம் நின்றார்.

“நீங்க நல்லா இருக்கீங்களா?”