ஐந்தாவது துவாரம்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
6 ஒக்டோபர் 2024

மேரினின் அப்பாவுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எடுத்தேன்.

பிள்ளைக்கு வருத்தம் வந்த பிறகு உங்களை வீட்டைவிட்டு வடக்கே போகச் சொன்னதும், போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்ததும் நான்தான். எடுக்கவும் மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் ஒன்று கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டாலும் வீட்டுக்குப் பயனில்லை. அதனால் கடிதம்.

குளிர் வந்துவிட்டது. வருடா வருடம் வீட்டைக் குளிருக்கு ஆயத்தம் செய்தது நீங்கள். நான் தேநீர் ஊற்றித் தந்ததோடு சரி. தோட்டத்துக் குழாயை எங்கே பூட்டுவது? மழைத்தண்ணீர் ஓடும் கூரைப் பீலி முழுக்க இலை. ஏணியை எந்தப் புண்ணியவானுக்கு இரவல் கொடுத்தீர்கள்?

இதெல்லாம் சின்ன விஷயம். மேரினுக்குக் காலையில் எழும்பும்போது நெஞ்சு விசிலடிக்கிறது. அவளுடைய அறை யன்னல் உள்பக்கமாக வியர்த்து வடிகிறது. போன குளிருக்கு நீங்கள் சூடு வெளியே போகக் கூடாதென்று சுவரில் காற்று வரும் துவாரங்களை அடைத்து, வீடு பூஞ்சணம் பிடித்து, பெப்ரவரியில் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள் அல்லவா? அந்த நான்கு துவாரங்களும் இப்போது திறந்துதான் இருக்கின்றன. கைவைத்துப் பார்த்தேன். ஆனால் அவளுடைய அறையில் ஒரு துவாரமும் இல்லை. "அந்த அறைக்குக் காற்று எந்த வழியால் வருகிறது?" என்று டொக்டர் கேட்டார்.

அடைத்தது நான்குதானே? அன்று மேரினின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தீர்கள். நம்பினேன். இருந்தாலும் கேட்கிறேன்.

இமெல்டா

*

பாட்ஸ்பியோர்ட்
15 ஒக்டோபர் 2024

அன்புள்ள இமெல்டாவுக்கு,

உமது கையெழுத்தைக் கண்டதும் தொழிற்சாலையில் உடை மாற்றும் அறையிலேயே குந்திவிட்டேன். நீரும் பிள்ளையும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இந்த வடகோடியில் நான் நாள் முழுக்க மீன் வெட்டுகிறேன், வந்து படுக்கிறேன். வேறு புதினமில்லை.

குழாயின் பூட்டு சமையலறைத் தொட்டிக்குக் கீழே, சவர்க்காரப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. வலப்பக்கம் திருகும். பிறகு வெளிக்குழாயைத் திறந்துவிட்டு மிச்சத் தண்ணீரை வடிய விடும். வடியாவிட்டால் உறைந்து குழாய் வெடித்துவிடும். ஏணி பக்கத்து வீட்டு ஆன்ட்ரியாஸிடம் நிற்கிறது. நீர் ஏறவேண்டாம், அவரையே ஏறச் சொல்லும். கார்க் கதவு உறைந்து ஒட்டாமல் ரப்பருக்குக் கிளிசரின் பூசும். டயரையும் இந்தக் கிழமையே பனிக்கால டயராக மாற்றும்.

ஈர உடுப்பை மேரினின் அறையில் காயப்போடாதேயும். அவளுடைய யன்னலைக் காலையும் மாலையும் விரியத் திறந்து விடும். படுக்கும்போதும் ஒரு விரல் அளவு திறந்தே இருக்கட்டும். குளிர்ந்தாலும் பரவாயில்லை, மறக்காமல் செய்யும்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வரலாமா? நான்கு நாள் போதும். கூடத்துச் சோபாவில் படுத்துக்கொள்வேன், உமக்கு முன்னால் வரக்கூட மாட்டேன்.

உமது
பிலேந்திரன்

*

ஆஸ்பத்திரி, ஒஸ்லோ
2 நவம்பர் 2024

மேரினின் அப்பாவுக்கு,

நான் முக்கியமாகக் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது இருபது. அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது.

நேற்றுக் காலை பள்ளிக்கூடம் போகச் சப்பாத்துப் போடக் குனிந்தவள் நிமிரவில்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. "அம்மா, கதைக்க ஏலாமக் கிடக்கு" என்றாள். அவ்வளவுதான், பிறகு அதுவும் வரவில்லை. அம்புலன்ஸில் வந்த பெடியன் என்னிடம் நோர்வேஜிய மொழியில் ஏதோ கேட்கக் கேட்க, நான் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். இப்போது மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை, தலையணையில் பாதிகூட இல்லை.

உங்கள் கடிதத்தை இங்கே இருந்து பத்துத் தரம் வாசித்தேன். கதவிடுக்குக்கும் பழந்துணி செருகுகிற மனிதன் நீங்கள். இந்தக் குளிரில் யன்னலைத் திற என்று எழுதுகிறீர்கள், அதுவும் அவளுடைய அறையில் மட்டும். அந்த அறையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபப்படவும் தெம்பில்லை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், சொல்லிவிடுங்கள்.

இமெல்டா

*

பாட்ஸ்பியோர்ட்
9 நவம்பர் 2024

என் இமெல்டாவுக்கு,

உமது கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வாசித்த கையோடு ஒஸ்லோவில் என் கூட்டாளி கிளெமென்றுக்குப் போன் எடுத்து எல்லாம் சொல்லிவிட்டேன். இது வந்து சேர முன்னமே அவன் உம்மிடம் வந்திருப்பான். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. மேரினின் கட்டில் தலைமாட்டில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால். நீங்கள் இருவரும் குடிவர முன்னம், வீட்டுக்கு வண்ணம் பூசிய கிழமையில் அடைத்தது. உள்ளே கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, வெளியே பலகை அடித்து, வடுத் தெரியாமல் படத்தைத் திருகாணியால் இறுக்கினேன்.

கலியாணம் கட்டி வந்த முதல் குளிரில், இந்தப் பாட்ஸ்பியோர்ட் அறையில் கோட்டோடு படுத்துக்கொண்டு, "என்னை மன்னாருக்கே அனுப்பிவிடுங்கோ, எலும்புக்குள்ளை குளிருது" என்று அழுதீர். எனக்கென்று ஒரு வீடு வந்தால் ஒரு பொட்டுக் காற்றும் உள்ளே வராது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எனக்குத் தெரிந்த அன்பு அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நீர் சத்தியம் கேட்டபோது ஐந்து என்று சொன்னால் என்னைவிட்டுப் போய்விடுவீர் என்று பயந்து, நான்கு என்றேன். என் கைக்குக் கீழே அவளின் தலை நெருப்பாகக் கொதித்தது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல நடுங்கினேன். சொன்னால் அது பொய்ச் சத்தியமாகிப் பிள்ளையைத் தாக்கிவிடும், சொல்லாவிட்டால் சத்தியமாகவே இருந்துவிடும் என்று என் கேடுகெட்ட மூளை நினைத்தது. அவளுடைய தலையைக் காப்பாற்றப் போய் அவளுடைய மூச்சை நிறுத்தப் பார்த்தேன்.

இமெல்டா, நான் என்ன செய்ய? ஏதாவது சொல்லும். திட்டியாவது எழுதும்.

பிலேந்திரன்

*

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
20 நவம்பர் 2024

அன்புள்ள பிலேந்திரனுக்கு,

மேரின் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதை முதலில் எழுதுகிறேன், நீங்கள் மூச்சை விடுங்கள்.

உங்கள் கடிதத்துக்கு முன்னமே கிளெமென்ற் கருவிப் பெட்டியோடு வாசலில் நின்றார். படத்தைக் கழற்றினால் சுவர் கரிச்சட்டி மாதிரிக் கிடந்தது. பஞ்சைப் பிழியத் தண்ணீர் ஒழுகியது. "பிள்ளைக்கு மூச்சைக் கொடும்" என்று அந்தப் படத்துக்கு முன்னால்தான் இவ்வளவு நாளும் முழந்தாளில் நின்றேன். கிளெமென்ற் பார்க்கிறார் என்றும் பாராமல் தரையில் குந்தியிருந்து குழறி அழுதேன்.

சுவரை உலர்த்திப் புதிதாய்ப் பூசியாகிவிட்டது. இப்போது அறை குளிர்கிறது. மேரின் கம்பளித் தொப்பியோடு படுக்கிறாள், மூக்கு நுனி சிவந்திருக்கிறது. விசில் இல்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையின் தலையில் கைவைக்கச் சொன்னது நான். ஏற்கெனவே பயந்து நின்ற மனிதனைக் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைக் காட்டி மிரட்டினேன். எந்தத் தாய் அப்படிச் செய்வாள்? குளிருது, குளிருது என்று வருடக்கணக்காக உங்களை அரித்ததும் நான். அன்று டொக்டருக்கு முன்னால் பழி முழுவதையும் உங்கள் தலையில் போட்டேன், நீங்களும் அதை வாங்கிக்கொண்டீர்கள்.

"அப்பா ஏன் அடைச்சவர்?" என்று மேரின் கேட்டாள். "எங்களுக்குக் குளிரக் கூடாதெண்டு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

ஆனாலும் நத்தாருக்கு வரவேண்டாம். நீங்கள் சாப்பிட்டேன் என்று சொன்னால் நான் சட்டியைத் திறந்து பார்ப்பேன். கதவைப் பூட்டினேன் என்றால் எழும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். அப்படி ஒரு வீட்டில் பிள்ளையை வளர்க்க எனக்கு மனமில்லை. சனிக்கிழமைகளில் கிளெமென்றின் போனில் அவளோடு கதையுங்கள், எவ்வளவு நேரமென்றாலும்.

எனக்கு மட்டும் பதில் போடாதீர்கள். போட்டால் வாசிப்பேன். வாசித்தால் வரச் சொல்லிவிடுவேன்.

இமெல்டா