மண்ணை உதறாமல் எடுத்த புல்

கவிப்ரியா அப்பாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து அமிர்தம் எழுதுவது. நான் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா? பிள்ளை சரியாகச் சாப்பிடுகிறாளா? போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் வீட்டுப் பெரியவர் போன மாதம் தவறிவிட்டார். ஊரிலிருந்து வரும் பேரன் தேடி விளையாடட்டும் என்று புல்தரையில் காசுகளைப் புதைத்து வைத்திருந்தாராம். அவற்றை எடுத்துத் தரும்படி அவர் மனைவி, எங்கள் மேடம், கேட்டார்.

"புல்லுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது அமிர்தம். அவர் கையால வளர்த்தது."

காசு கிடக்கும் இடத்தில் சத்தம் போடுகிற கருவி ஒன்றை வாங்கித் தந்தார்கள். முதல் இடத்தில், நம் வயலில் நாற்றுப் பறிக்கிற பழக்கத்தில், புல்லைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறிவிட்டேன். நாற்று அதைத் தாங்கும். இந்தப் புல் தாங்கவில்லை. திரும்ப நட்டும் மஞ்சளாகிக் காய்ந்துவிட்டது. மேடம் திட்டவில்லை. வெகுநேரம் அதன் பக்கத்திலேயே நின்றார்.

அப்புறம் கத்தியால் மூன்று பக்கம் மட்டும் கீறி, மண்ணோடு மூடி போலத் திறந்து, காசை எடுத்ததும் அப்படியே மூடித் தண்ணீர் ஊற்றினேன். இப்போது எந்த இடத்தில் கீறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

நடவு முடியும்வரை கவிப்ரியாவைச் சீர்காழியில் உங்கள் அக்கா வீட்டில் விடுவதாகச் சொன்னீர்கள். வேறு வழியில்லை, விடுங்கள். அவள் போர்த்திக்கொண்டு தூங்கும் என் பழைய சேலையையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.

மேடம் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். அழுக்குச் சேலை என்று அக்கா முகம் சுளிப்பார். துவைக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அமிர்தம்