படம் இல்லாத இருபது பேர்

அக்டோபர் 28, செவ்வாய்

காலையிலேயே தூறல். துணி உள்ளே. பிரஷர் மாத்திரை, ஓட்ஸ்.

பங்கு அலுவலகம் போனேன். கல்லறைத் திருநாள் பூசையில் இறந்தவர்களின் பெயரும் படமும் திரையில் வரும். அதை ஓட்டுவது நான் எழுதிய புரோகிராம். போன வருடம் சாலமன் என்ற பெயரோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வரவேண்டியவர்களில் வின்சென்ட்டும் ஒருவர். நாற்பத்தொரு வருடம் என்னோடு வாழ்ந்த மனிதருக்குத் திரையில் ஆறு விநாடி கிடைக்கவில்லை.

செயலாளர் ஆல்பர்ட்: "இந்த வாட்டி கம்பெனிக்காரங்க கிட்ட குடுத்துடலாம் ஆன்ட்டி. உங்களுக்கு எதுக்கு சும்மா தொந்தரவு?"

"முப்பது வருஷம் ஃபேக்டரி கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல இருந்தவ நான். சனிக்கிழமை ஒத்திகை பாருங்க. நின்னுச்சுன்னா நானே விலகிக்கிறேன்."

சொல்லிவிட்டேன். ஏன் நின்றது என்று இன்னும் தெரியாது.

அக். 29, புதன்

வெயில். வாங்க: ரஸ்க், கண் சொட்டு மருந்து, பென்சில்.

சந்தேகப் பட்டியல்: கோவில் வைஃபை, ப்ரொஜெக்டர், ஆல்பர்ட். வீட்டில் பத்துப் பெயர் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் மகன் அருளுக்கு போன். "நடுவுல ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிடுங்க மம்மி. எங்க ஆபீஸ்லயே தினம் காலைல அதான் பண்றோம்." வெட்கமில்லாமல் சொல்கிறான்.

அக். 30, வியாழன்

மேகம். காலை 10.20. பிடித்துவிட்டேன்!

போன வருடத்து அச்சுப் பட்டியலில் படம் இல்லாதவர்களுக்கெல்லாம் பென்சில் புள்ளி. சாலமனுக்கும். அவர் வரை எண்ணினால் இருபது. மறுபடி எண்ணினாலும் இருபது. புரோகிராம் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய இணைப்புகளும் இருபது.

படங்கள் வேறொரு சர்வரில். இணைப்பைத் திற, படத்தை வாசி, மூடு. அழகான மூன்று வரி. படம் இல்லாவிட்டால் சர்வர் "இல்லை" என்று பதில் அனுப்பும். நான் அதைக் கேட்டு முடிக்காமலே ஒரு சிலுவையைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போயிருக்கிறேன். மூடும் வரி பக்கத்திலேயே இருந்தும் அந்த வழியாகப் போகவே இல்லை. இப்படி இருபது இணைப்பு திறந்தபடி கிடந்தால், அடுத்த பெயருக்கு இடம் ஏது? சத்தமில்லாமல் காத்து நின்றிருக்கிறது.

அந்த இருபது பேர் யார்? தோட்டக்கார அந்தோணி, இஸ்திரி போட்ட சவுரியம்மா, அந்த மாதிரி. நான் சோதித்த பத்துப் பேரோ என் அண்ணன்மார், நாத்தனார்கள், மாமனார். எல்லோருக்கும் ஸ்டூடியோ படம் உண்டு.

இங்கே மட்டும் எழுதுகிறேன். தப்பு என்னுடையது. கேஸ் மூடியதா என்று இரண்டு தடவை பார்க்கிறவள்!

அக். 31, வெள்ளி

மழை இல்லை. முழங்கால் வலி. பரவாயில்லை.

திருத்தம் ஆறே வரி. "இல்லை" என்ற பதிலையும் இனி கடைசி வரை வாசிக்கும். படம் வந்தாலும், வராவிட்டாலும், நடுவில் ஏதாவது கெட்டாலும் மூடும் வரி ஓடியே தீரும். படமே இல்லாத ஐந்நூறு பெயர் கொடுத்தேன். திறந்திருக்கும் இணைப்பு: 1, 0, 1, 0. கடைசிப் பெயர் வரை.

இரண்டாவது காபி. இன்றைக்கு மட்டும் சர்க்கரையோடு.

நவம்பர் 1, சனி

ஒத்திகை. நிற்கவில்லை.

ஆல்பர்ட்: "ஒத்திகைல எல்லாம் ஓடும் ஆன்ட்டி." நாளை வாசிக்க அச்சுப் பட்டியல் எடுத்து வைத்திருக்கிறார். எடுத்து வைக்கட்டும்.

நவ. 2, ஞாயிறு

நல்ல மழை. சாம்பல் நிறப் பட்டு, அம்மாவின் முத்து மாலை.

அந்தோணி வந்தார், சிலுவை, போனார். சவுரியம்மாவும். சாலமன். ஆல்பர்ட் பட்டியலோடு எழுந்து நின்றார். அடுத்த பெயர் வந்தது. அதற்கடுத்ததும். ஆல்பர்ட் உட்கார்ந்தார்.

அதுவரை லேப்டாப்பில் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வின்சென்ட் வந்தபோது லேப்டாப்பைப் பார்க்கவில்லை. நந்தி ஹில்ஸ் பிக்னிக் படம், கோணலான டை. ஆறு விநாடி. அப்புறம்தான் கண்ணாடியைத் துடைத்தேன்.

வாசலில் ஆல்பர்ட்: "ஆன்ட்டி, நிக்கவே இல்லியே!"

"நிக்காது."

நவ. 3, திங்கள்

வெயில். குடை காயப் போட வேண்டும்.

அருள் போன். "எப்படி மம்மி சரி பண்ணீங்க?" சொன்னேன். போனில் கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு, "எங்க கோட்லயும் அதேதான் போல. வந்து காட்டுறேன், பாக்கறீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிப் பூசைக்கு வா. அப்புறம் பாக்கலாம்."

வருகிறானாம்.