லிட்டில் இந்தியாவில் இறங்கினேன்

ஞாயிறு இரவு, சிங்கப்பூர்.

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. எழுபது வயதுக்குமேல் எழுதப் படிக்கத் தொடங்கிய கை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த நாள் முதல் மகன் என்னைத் தனியே எங்கும் விடுவதில்லை. இன்றும் அவனும் மருமகளும்தான் கடைவீதிக்கு அழைத்துப் போனார்கள். ரயில் கதவு திறந்ததும், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பழக்கத்தில் நான் முதலில் ஏறி, மூன்று பேருக்கும் துண்டு போட்டு இடம் பிடித்தேன். திரும்பினால் கதவு மூடிவிட்டது. அவர்கள் வெளியே நிற்கிறார்கள். என்னிடம் போன் இல்லை. லிட்டில் இந்தியாவில் இறங்க வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

ஒவ்வொரு நிலையத்திலும் பலகையைத் தேடினேன். ஒன்றில் தமிழ் எழுத்து கண்ணில் பட்டது. லி, ட், டி, ல் என்று கூட்டுவதற்குள் கதவு மூடப் பார்த்தது. ‘இந்’ வரை போதும் என்று இறங்கிவிட்டேன். துண்டு ரயிலோடு போயிற்று.

அடுத்த ரயிலில் இருவரும் வந்தார்கள். மருமகள் அழுதிருந்தாள்.

“யாரு மாமா இங்க எறங்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலம்மா. போர்டப் படிச்சேன்.”

“துண்டு போட இதென்ன சிதம்பரம் பஸ்ஸா வாப்பா?” என்று கடிந்துகொண்ட மகன், பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு நானே போய்வரலாமாம். சாப்பிடும்போது சொன்னான். போய்வந்து அதையும் எழுத வேண்டும். இப்போது விரல் வலிக்கிறது.