முதல் வரியை ஒப்புக்கொள்ளாத அப்பாவுக்கு

எதற்கும் சட்டென்று தலையாட்டாத என் அன்பு அப்பா,

நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. மேட்டு வயலில் பூண்டு பிடுங்கியாகிவிட்டது. மூட்டை சுமக்கும் நம் மட்டக்குதிரை இப்போது சித்தப்பா சொன்னாலும் நடக்கிறது. உங்களுக்கு நடந்த அளவுக்கு இல்லை.

கிரேக்க நாட்டு அறிஞர்களின் தருக்க முறையைப் படித்துக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட அலமாரியில் கிடைத்த, அட்டை போன புத்தகம். முதல் இரண்டு வரிகளை ஒப்புக்கொண்டால் மூன்றாவதை யாராலும் மறுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தேன்: மனிதர் எல்லாரும் இறப்பவர். என் அப்பா மனிதர். ஆகவே என் அப்பா இறப்பவர்.

அப்போது பூண்டு மூட்டையைத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். மற்றவர்கள் மேலாகக் கைவிட்டு நாலு பூண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்ல பூண்டு என்பார்கள். நீங்கள் கடைசிப் பூண்டு விழும்வரை வாயே திறக்கமாட்டீர்கள்.

"ஏத்தா, எல்லாரும்னு எப்படிச் சொல்றே? எல்லாரையும் பாத்தியா?" என்று கேட்டீர்கள். "அதோட, இதுக்கு என் பேருதான் கெடச்சுதா? ஒங்க சித்தப்பன் பேரைப் போடு."

உதாரணத்துக்குத்தான் சொன்னேன் அப்பா. அது உங்களுக்குத் தெரியும்தானே?

எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறிவிட்டேன். கொடைக்கானலில் ஒன்பதாவதில் இடமும் கிடைத்தது. ஆனால் சித்தப்பா வந்து உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நம்ம ஊருப் பொம்பளப் பிள்ளைக எல்லாம் எட்டுக்கு மேல படிச்சதில்ல. இவ நம்ம ஊருப் பிள்ள. அப்ப இவளும் படிக்கமாட்டா. அம்புட்டுத்தான்" என்றார்.

அசந்துபோனேன். அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் மூன்று வரியையும் வரிசை பிசகாமல் சொல்கிறார். "ரொம்பச் சரியா இருக்கு சித்தப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஏண்டி, நீ எந்தப் பக்கம்?" என்றார் அம்மா.

பிறகுதான் உங்கள் மூட்டை நினைவுக்கு வந்தது. எட்டுக்கு மேல் படித்தவள் ஊரில் ஒருத்தி இருந்தால் போதும், சித்தப்பாவின் முதல் வரி பொய்யாகிவிடும். நோட்டும் பென்சிலுமாக மூன்று நாள் வீடு வீடாக அலைந்தேன். ஒருத்திகூட இல்லை. பாதிப் பேர் ஐந்தையே தாண்டவில்லை. "மூணாப்புல சிலேட்டு ஒடஞ்சிச்சு. அதோட நின்னுட்டேன்" என்றார் கடைசி வீட்டுப் பெரியம்மா. சித்தப்பா வாயால் சொன்னதை நான் பேரோடு எழுதி நிரூபித்திருந்தேன்.

வேறு வழியில்லாமல் நோட்டை அவரிடமே கொடுத்தேன். அவருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "பாத்தீங்களா மதினி, ஒங்க மகளே எழுதியிருக்கா" என்று, யார் எந்த வகுப்போடு நின்றாள் என்பதை ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்தார். எழுத்துத் தெரியாத அம்மா, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ பேரை வாசிக்கலையே?"

"நான் இன்னும் நிக்கலையேம்மா. எப்படி எழுதுவேன்?"

"அப்ப, கொழுந்தனாரே, மூட்டைக்குள்ள இன்னும் ஒரு பூடு கெடக்கு. அது விழறதுக்கு முந்தி எல்லாம்னு சொன்னா ஒங்க அண்ணன் ஒத்துக்குவாங்களா?"

சித்தப்பா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னட்டையையும் பார்த்தார். கடைசியில், "அண்ணன் ஒத்துக்காது" என்றார். "சரி, விழட்டும். வெரசாத் துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லுங்க."

நாளை வெள்ளனே பஸ். கொடைக்கானலில் குளிரும் என்று சித்தப்பாவே ஒரு கம்பளி வாங்கி வந்திருக்கிறார். நம் ஊரிலும் அதே குளிர்தான். இருந்தாலும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதாவதைத் தாண்டி அவருடைய முதல் வரியைப் பொய்யாக்குவேன் அப்பா, இது என் வாக்கு. இனி உதாரணத்துக்கு உங்கள் பெயரை எடுக்கமாட்டேன். கம்பளி தந்துவிட்டதால் சித்தப்பா பெயரையும் எடுக்க முடியாது. மனிதர் எல்லாரும் என்று தொடங்குகிறதே, அந்த இன்னொரு முதல் வரி, அதை நான் ஒப்புக்கொள்ளப்போவதில்லை. இன்னும் எல்லாரையும் பார்த்து முடிக்கவில்லை.

மூட்டைக்குள் மிச்சமிருக்கும்
உங்கள் மகள்
செல்லத்தாய்