உலுக்கல் உன் காலில் இல்லை

நேற்று மகள் தன் காரில் என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனாள். யாரோ ஓட்டிக் கைமாறிய கார். வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. காஜா பேராங் சாலையில் நெரிசல், ஊர்ந்துதான் போனோம். கியர் தானாக மாறும்போதெல்லாம் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் வண்டி உலுக்கியது. அவள் சலித்துக்கொண்டாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

மெர்டேக்கா கிடைத்து நாடு சுதந்திரமானதற்கு அடுத்த வருஷம் நீ கார் வாங்கினாய். இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப்போன மிட்வைஃப் நீ, என் சிநேகிதி. கிளட்ச் மிதிக்க முடியாது. ஆள் மிதிக்கும் மூன்று சக்கரத் திரிஷாவில்தான் பிரசவ வீடுகளுக்குப் போவாய். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு நீ போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. அன்று என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வெட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே இருந்தாய். அதற்குப் பிறகுதான் கிளட்ச் இல்லாத கார் தேட ஆரம்பித்தாய். சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத் துரையிடம் அது கிடைத்தது.

பஸ் டிரைவரான என் வீட்டுக்காரர்தான் உனக்கு ஓட்டப் பழக்கினார். இடது காலுக்கு வேலையே இல்லாத வண்டி. ஆனாலும் மெதுவாகப் போனால் உலுக்கியது. நிற்கப்போகும் நேரத்தில் முன்னால் எட்டிக் குதித்தது. இப்படி ஓட்டினால் லைசென்ஸ் கிடைக்காதே என்று அவருக்குக் கவலை. உடம்பு ஒரு பக்கம் சாய்வதால் வலது கால் பெடலில் நிதானமாக உட்காரவில்லை என்று நினைத்தார். தயங்கித் தயங்கி ஒருநாள் அதைச் சொல்லியும்விட்டார்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பக்கத்துல உட்கார்ந்து பாக்கறேன்" என்றாய்.

அவர் ஓட்டினார், நான் பின்சீட்டில். கம்போங் செட்டியைத் தாண்டுவதற்குள் அதே உலுக்கல், அதே குதிப்பு. அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். "காடிதாம்மா உலுக்குது. உன் கால் இல்ல."

நீ சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். அந்தக் காலைப் பற்றி எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

காரைக் கொண்டுபோய்க் காட்டியபோது பட்டறைக்காரரோ கையை விரித்துவிட்டார். கியர்பாக்ஸ் போய்விட்டது, இதைப் பிரித்துப் பார்க்க இங்கே ஆள் கிடையாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்றார். நீ கேட்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்ணிடம் முதலில் "எப்போ வலிக்குது?" என்று கேட்பாயே, அதே கேள்வியோடு அந்தக் காரைச் சுற்றி வந்தாய். வேகமாகப் போனால் உலுக்குகிறதா? இல்லை. மேடு ஏறும்போது? அப்போதும் இல்லை. கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தோம். அளவு சரி, எண்ணெயின் சிவப்பு நிறம் மாறவில்லை, கருகிய வாடையும் இல்லை. ஆனால் சும்மா நிற்கும்போது எஞ்சின் ஏன் இவ்வளவு இரைகிறது?

அதைத்தான் பட்டறைக்காரரிடம் போய்க் கேட்டாய். அவர் பானெட்டைத் திறந்து நெடுநேரம் குனிந்திருந்தார். நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை யாரோ கூட்டி வைத்திருந்தார்கள். பெடலின் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் கம்பியையும் இறுக்கி இழுத்து மாட்டியிருந்தார்கள். மெதுவாகப் போகும்போது உலுக்கியதும் குதித்ததும் அதனால்தான். ஸ்க்ரூவைத் திருப்பினார், கம்பியைத் தளர்த்தினார், தானே தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்.

"கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி" என்றபடி சாவியை உன் கையில் கொடுத்தார்.

லைசென்ஸ் வாங்கிய வாரமே பத்து பெரெண்டாமிலிருந்து ஆள் வந்தது. நானும் கூட வந்தேன். சைக்கிள்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் நடுவே கார் அலுங்காமல் ஊர்ந்தது. இந்தத் தடவை வெந்நீர் காயும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். பெண் குழந்தை. அதன் அழுகை வாசல்வரை கேட்டது.

நீ கண் மூடிய பிறகு, என் சின்ன மகனுக்குப் படிப்பு ஏறாது என்று பள்ளியில் சொன்னார்கள். நான் அழுதேன்தான். ஆனால் மறுநாள் போய், எப்போது எழுதத் தடுமாறுகிறான் என்று கேட்டேன். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் என்றார் வாத்தியார். கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். கண்ணாடி போட்ட அன்று வீடு திரும்பும் வழியெல்லாம், கடைப்பலகை ஒன்று விடாமல் உரக்க வாசித்துக்கொண்டே வந்தான்.